காற்கூறும் முக்காற்கூறும்: தொலைவு கடந்த தமிழ்ப்பாட வரலாறு

1. முன்னுரை

பாடஞ் சொல்வோனும் பாடங் கேட்போரும் ஓரிடத்தே கூடியிருந்து பயில்வதே கல்வி என்பது நெடுங்காலமாக நம்மனோர் உள்ளத்தில் ஊன்றிய கருத்தாகும். அக்கருத்திற்கு 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒரு கடுஞ்சோதனை நேர்ந்தது. கொரோனாக் கொள்ளைநோய் பரவியமையால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. சில கிழமைகளுக்குள் வகுப்பறை இருந்த இடத்தைத் திரை பற்றிக்கொண்டது.

அவ்வாண்டு, திருச்சிராப்பள்ளி மன்னார்புரத்து இல்லத்தில் இருந்தவாறே முதுகலைத் தமிழ் மாணவர்க்கு நன்னூற் பாயிரம் கற்பிக்கும் கடமை இக்கட்டுரையாளனுக்கு வாய்த்தது. திரையில் மாணவர் முகங்கள் தோன்றவில்லை. அவர்தம் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய வட்டங்களே தோன்றின. ‘ஐயம் உண்டோ’ என்று கேட்டால் அமைதியே விடையாக வந்தது. அவ்வமைதி விளக்கமுற்றமையின் அறிகுறியா, கேளாமையின் அறிகுறியா என்பதை அறிய வழியில்லை. பாடங்கேட்டலின் வரலாறு முடிந்த அன்று மாலையில் மாணவி ஒருவர் எழுத்தில் ஒரு வினா விடுத்தார். ஆசிரியரிடமிருந்து பெறத்தக்கது காற்கூறே என்று நன்னூலார் கூறுகின்றார். அங்ஙனமாயின், வீட்டில் தனித்திருக்கும் மாணவர் எஞ்சிய முக்காற்கூற்றை எங்கே சென்று பெறுவது என்பதே அவ்வினா.

அன்று அதற்குத் தக்க விடை கூற இயலவில்லை. அவ்விடையை வரலாற்றில் தேடும் முயற்சியே இக்கட்டுரை. ஆசிரியன் ஓரிடத்தும் மாணாக்கன் வேறிடத்தும் இருந்து கற்கும் நிலை இணையத்தால் புதிதாக வந்ததன்று. ஏடும், வானொலியும், அஞ்சலும் தத்தம் காலத்தில் பாடத்தைச் சுமந்து தொலைவு கடந்தன. அவை எதனைச் சுமந்தன, எதனை வழியில் இழந்தன என்பதைத் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி ஆகிய இரண்டு ஊர்களை நடுவாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

2. நன்னூலார் வகுத்த அளவு

பவணந்தி முனிவர் சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்கி நன்னூலை இயற்றியது 13ஆம் நூற்றாண்டு என்பர். அதன் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லல், மாணாக்கன், பாடங்கேட்டல் என்னும் ஐந்தன் வரலாற்றையும் முறையே கூறுவது. இவற்றுள் இறுதியில் நிற்கும் பாடங்கேட்டலின் வரலாறே நம் ஆராய்ச்சிக்கு உரியது. அதன்கண் அமைந்த செய்திகளுள் மூன்று சிறப்பாகக் கருதத்தக்கன.

முதலாவது, பலகாற் கேட்டலின் பயன். ஒன்றை இருமுறை கேட்பவனுக்கு நூலிற் பிழை மிகாது. மும்முறை கேட்பவன் அதனை முறைப்படப் பிறர்க்கு உரைக்கவும் வல்லனாவான் என்பது அவர் கருத்து. இரண்டாவது, வினாவின் இடம். ஆசிரியனை அடுத்துக் கேட்டலோடு அமையாது, ஒத்த மாணாக்கரோடு பயிலுதலும், வினவுதலும், பிறர் வினவியவற்றுக்கு விடை கூறுதலும் மாணாக்கனுடைய கடன்களாக வைக்கப்பட்டுள்ளன. மூன்றாவது, புலமையின் கூறுபாடு. ஆசிரியன் உரைத்ததனை முழுதும் கொண்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுவான். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தான் பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும்.

இப்பகுப்பினைக் கணக்கு நூலார் கூறும் அளவாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும், கல்வியின் எப்பகுதி யாரிடம் உள்ளது என்பதனை இதனினும் தெளிவாகக் கூறிய இலக்கணம் அரிது. தொலைநிலைக் கல்வி பற்றி ஆராய்ந்த மைக்கேல் மூர் என்னும் அறிஞர் 1989ஆம் ஆண்டில் கற்போனுடைய உறவுகளை மூவகைப்படுத்தினார்: பாடப்பொருளோடு உறவு, ஆசிரியரோடு உறவு, உடன் கற்போரோடு உறவு என்பன அவை. இம்மூன்றும் நன்னூற் பாயிரத்துள் உள்ளன. இவற்றிற்கு மேலாக, பிறர்க்கு உரைத்தல் என்னும் நான்காவதனைத் தனித்து எண்ணி, அதற்கு அரைப்பங்கு வழங்கியமை நன்னூலாரின் தனிச்சிறப்பு. இனி, இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு வரலாற்றினுட் புகலாம்.

3. திருவரங்கத்துப் பாடம்

நன்னூல் எழுந்த காலத்தையொட்டித் திருவரங்கத்தில் திருவாய்மொழி விரிவுரை பெருஞ்சிறப்புடன் நிகழ்ந்தது. பராசர பட்டர், அவர் மாணாக்கர் நஞ்சீயர், அவர் மாணாக்கர் நம்பிள்ளை என அவ்விரிவுரை வழிவழி வந்தது. நம்பிள்ளை பகலிற் கூறிய விரிவுரையைக் கேட்ட வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் அதனை ஏட்டில் எழுதிவைத்தார் என்பர். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி என வழங்கும் பேருரை.

ஈட்டினைப் பயில்வோர் ஒரு தனித்தன்மையை உணர்வர். ஆசிரியர் கூறிய முடிபுகள் மட்டுமன்றி, மாணாக்கர் எழுப்பிய ஐயங்களும் அவர்தம் பெயரோடு அதன்கண் காணப்படுகின்றன. ஓரிடத்தில் நஞ்சீயர் பட்டரை வினவுகின்றார், பட்டர் விடையிறுக்கின்றார். வினாவும் விடையும் உரையின் பகுதியாகவே நிலைபெற்றுவிட்டன. நூற்றாண்டுகள் கழிந்து அவ்வுரையைப் படிக்கும் ஒருவன், அவ்வகுப்பில் தானும் ஒரு மாணாக்கனாக அமர்ந்திருத்தல் போன்ற உணர்வைப் பெறுகின்றான். காலத்தொலைவையும் கடந்து ஒரு வகுப்பு உயிரோடு வந்து சேர்வதற்கு, ஆசிரியர் சொல்லோடு மாணாக்கர் வினாவும் காக்கப்பட்டமையே காரணம் எனலாம்.

நம்பிள்ளை மாணாக்கராக இருந்த காலத்து நிகழ்ச்சியாகக் குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நஞ்சீயர் தாம் எழுதிய ஒன்பதினாயிரப்படி என்னும் உரையைப் படியெடுத்துத் தருமாறு அவரிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் அதன் பொருளையும் ஒருமுறை சொல்லிவைத்தார். ஏட்டுடன் காவிரியைக் கடந்தபொழுது வெள்ளத்தில் ஏடு போயிற்று. நம்பிள்ளை தாம் கேட்டதனை நினைவிற் கொண்டே முழுதும் எழுதி, தமக்குத் தோன்றிய நயங்களையும் சேர்த்து ஆசிரியரிடம் அளித்தார். நஞ்சீயர் வேறுபாட்டைக் கண்டு வினவி, உண்மையறிந்து மகிழ்ந்தார் என்பது செவிவழி மரபு. ஏடு ஆற்றோடு போயினும் பாடம் போகவில்லை. நன்னூலார் கூறிய உரைத்தல் என்னும் அரைப்பங்கு நம்பிள்ளையிடம் நிரம்பியிருந்தது என்பதே இச்செய்தியின் உட்பொருள்.

4. திண்ணையிலிருந்து எழும்பூருக்கு

உடன் பயில்வோரால் வரும் கல்வியைத் தமிழ்நாட்டுத் திண்ணைப்பள்ளிகள் தம் அன்றாட ஒழுங்காகவே கொண்டிருந்தன. மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தான். ஆசிரியர் ஒருவரே பல படிநிலை மாணாக்கரையும் கற்பிக்க இம்முறை உதவிற்று.

சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பள்ளியின் மேற்பார்வையை 1789ஆம் ஆண்டில் ஏற்ற ஆண்டுரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவரைக் கற்பிக்கும் ஒழுங்கை வகுத்தார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797ஆம் ஆண்டில் அதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரால் பிரித்தானியப் பள்ளிகளிற் பரவிற்று.

இம்முறையைக் குறையற்றதென்று கூறுதல் இயலாது. பெருங்கூட்டத்தைச் சிறுபொருளிற் கற்பிக்கும் எந்திரமாக அது பிற்காலத்தில் ஆயிற்று. மனப்பாடமே கல்வியென்னும் நிலைக்கும் இடந்தந்தது. எனினும், ஆசிரியர் தொகை குறைந்து மாணவர் தொகை மிக்க இடத்தில் மாணவரே மாணவர்க்குத் துணையாதல் வேண்டும் என்னும் உண்மையை அது நிலைநாட்டியது. இன்றைய இணைய வகுப்புகளின் நிலையும் அதுவேயாதலின் இது கருதத்தக்கது.

5. மகாவித்துவானும் அவர் மாணாக்கரும்

19ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வியின் வரலாறு திருச்சிராப்பள்ளியை விட்டு நீங்காதது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) இளமையிற் பயின்றதும், பின்னர்ப் பல்லாண்டு பாடஞ் சொன்னதும் இவ்வூரே. அவர் கற்ற முறையை உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றில் விரித்துரைத்துள்ளார். தண்டியலங்காரம் கற்க விரும்பிய பிள்ளையவர்களுக்கு அந்நூல் வல்லார் ஒருவரும் கிட்டவில்லை. பிச்சை எடுத்து வாழ்ந்த பரதேசி ஒருவரிடம் அந்நூல் உள்ளதென்று அறிந்து, அவர் சென்ற தெருவெல்லாம் உடன் சென்று, அவர் விரும்பியனவற்றைச் செய்து கொடுத்து, அந்நூலைப் பெற்றுப் பாடமும் கேட்டார். ஆசிரியரும் நூலும் எளிதிற் கிட்டாத தொலைவில் இருந்தகாலை அத்தொலைவைக் கடந்தது மாணாக்கரின் வேட்கையே.

பிள்ளையவர்களிடம் சாமிநாதையர் 1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மாணாக்கராகச் சேர்ந்தார். தொடக்கத்தில் ஆசிரியர் நேரே பாடஞ் சொல்லவில்லை. மூத்த மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடமே நைடதம் கேட்குமாறு பணித்தார். நன்னூலாரின் இரண்டாம் காற்கூறு அங்ஙனம் தொடங்கிற்று. ஆயினும் ஆசிரியரிடமே கேட்க வேண்டும் என்னும் விருப்பம் ஐயர் உள்ளத்தை வாட்டியது. பிள்ளையவர்கள் தாம் வைத்து வளர்த்த மரங்களை வைகறையிற் சென்று பார்த்து, புதிதாகத் துளிர்த்த தளிர்களைக் கண்டு மகிழ்வது வழக்கம். அதனை உணர்ந்த ஐயர், அவருக்கு முன்னரே எழுந்து சென்று தளிர்கள் எங்கெங்கே உள்ளன எனத் தேடிவைத்துக் காட்டினார். ஆசிரியரின் பார்வை மாணாக்கர் மேல் திரும்பியது, நேர்ப்பாடமும் தொடங்கியது.

இச்செய்தியை மாணாக்கரின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகவே பலரும் கூறுவர். அதன் மறுபக்கமும் ஆராயத்தக்கது. ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில் வாழ்ந்த மாணாக்கரும் ஆசிரியரின் கவனத்தைப் பெறுவதற்கு ஒரு வழி தேட வேண்டியிருந்தது. நெருக்கம் என்பது இடத்தால் தானே அமைவதன்று. கவனம் இல்லையேல் முற்றத்திற்குள்ளும் தொலைவு உண்டு. தளிரைக் காட்டும் ஒரு வாயில் இருக்குமாயின் தொலைவிலும் நெருக்கம் உண்டாகும். இன்று வட்டத்துள் மறைந்திருக்கும் மாணவர்க்கு அத்தகைய வாயில் ஒன்றை ஆசிரியரே அமைத்துத் தருதல் வேண்டும். எல்லா மாணவரும் சாமிநாதையர் அல்லர்.

மற்றொன்றும் கூறாதிருத்தல் நேர்மையன்று. குருகுலத்திலும் மடத்திலும் திருவரங்கத்து விரிவுரையிலும் இடம் பெற்றோர் மிகச் சிலர். பிள்ளையவர்கள் சாதி சமய வேறுபாடு கருதாது பலர்க்கும் கற்பித்தவர்; நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவர் மாணாக்கரே. எனினும், பெண்டிரும், உழைத்துண்ணும் மக்களும், ஒடுக்கப்பட்டோரும் அக்கால உயர்கல்விக்கு வெளியே நின்றனர். முற்காலப் பாடமுறையின் செறிவு, அதன் வாயிலின் குறுக்கத்தோடு சேர்ந்தே வந்தது. வாயிலை அகலத் திறந்த பெருமை பிற்கால ஊடகங்களுக்கே உரியது.

6. வானொலியும் வயலும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. எழுத்தறியாதாரும் கேட்டறியும் வாய்ப்பு அதனால் இப்பகுதிக்கு வந்தது. ஒருவர் குரலை ஒரே பொழுதில் பல்லாயிரவர் கேட்கலாம்; ஆனால் அவருள் ஒருவரும் மறுமொழி கூற இயலாது. ஆகவே வானொலி, காற்கூற்றை மட்டும் மிகப் பரவலாக வழங்கும் கருவியாயிற்று.

எஞ்சியதனைப் பெறுவது எவ்வாறு என்பதனை 1956ஆம் ஆண்டில் மராட்டிய நாட்டில் நிகழ்ந்த ஓர் ஆய்வு காட்டிற்று. அகில இந்திய வானொலியும் யுனெஸ்கோவும் இணைந்து, பூனா நிலையத்தின் வாயிலாக ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்களை அமைத்தன. ஊரார் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டபின் தம்முள் உரையாடினர். எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதினர். அவற்றுக்குரிய விடை பின்னர் ஒலிபரப்பில் வந்தது. மன்றம் அமைந்த ஊர்களில் மக்களின் அறிவு பெரிதும் உயர்ந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் அத்தகைய உயர்வு காணப்படவில்லை. இதனை ஆராய்ந்து எழுதியவர் பால் நியூராத் என்னும் சமூகவியல் அறிஞர். பெட்டியும் ஒன்றே, குரலும் ஒன்றே. வேறுபாட்டை விளைத்தது கேட்டபின் நிகழ்ந்த உரையாடலே.

நம் பகுதியிலும் இதற்கொரு சான்றுண்டு. 1960களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகையைத் தஞ்சை உழவர் விரைந்து ஏற்றனர். திருச்சிராப்பள்ளி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சி வாயிலாக அதனை அறிந்தமையால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு வழங்கினர். ஒரு பாடம் தன்னை ஏந்திவந்த கருவியின் பெயரையே பெற்றது அரிய நிகழ்ச்சி. ஆனால் வானொலி அங்கே தனித்து நிற்கவில்லை. செறிவேளாண்மைத் திட்டத்திற்கென 1960ஆம் ஆண்டளவில் முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சையும் ஒன்று. வேளாண்மை அலுவலர் ஊரில் இருந்தனர். ஆராய்ச்சி நிலையம் அண்மையில் இருந்தது. அண்டை வயலில் விளைந்த கதிரைக் கண்ணாற் கண்டு வினவ முடிந்தது. குரல் தொலைவிலிருந்து வந்தது. முக்காற்கூறு வயல் வரப்பிலேயே கிடைத்தது.

7. அஞ்சலில் வந்த பாடம்

1840ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடத்தை அஞ்சலில் அனுப்பி, மாணவர் எழுதியனுப்பியதைத் திருத்தித் திருப்பியனுப்பினார். அஞ்சல்வழிக் கல்விக்கு அதனைத் தோற்றுவாயாகக் கூறுவர். அதன் உயிர் பாடத்தை அனுப்பியதில் இல்லை; திருத்தி அனுப்பியதில் இருந்தது.

இந்தியப் பல்கலைக்கழகங்களுள் தில்லி 1962ஆம் ஆண்டில் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979ஆம் ஆண்டிலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981ஆம் ஆண்டிலும் அவ்வழி சென்றன. திருச்சிராப்பள்ளியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் 1982ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மன்னார்புரத்திற்கு அண்மையதாகிய அதன் காஜாமலை வளாகத்தில் கல்வித் தொழில்நுட்பத்திற்கென ஒரு துறையும் அமைந்தது. 1985ஆம் ஆண்டில் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002ஆம் ஆண்டில் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் எழுந்தன.

இவற்றால் விளைந்த நன்மை பெரிது. பகலில் பணியாற்றுவோரும், திருமணத்தால் படிப்பை நிறுத்திய மகளிரும், குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி காண்போரும் பட்டம் பெற்றனர். குருகுலத்தின் குறுகிய வாயிலுக்கு வெளியே நின்றோர்க்கு அஞ்சற்காரர் கொணர்ந்த பாடப்பொதியே பல்கலைக்கழகம் ஆயிற்று.

ஆயினும் அஞ்சலின் இருவழிப் போக்கில் ஒருவழியே பெரிதும் இயங்கியது என்பதனை மறுத்தற்கில்லை. பாடநூல் வந்தது, விடுமுறை நாட்களில் சில நேர்முக வகுப்புகள் நிகழ்ந்தன, இறுதியில் தேர்வு வந்தது. இடையில் மாணவர் எழுதுவதும், ஆசிரியர் திருத்திக் குறிப்பெழுதி அனுப்புவதும் அருகின. 1969ஆம் ஆண்டில் பட்டயம் பெற்று 1971ஆம் ஆண்டில் பாடந்தொடங்கிய பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வானொலியாலும் தொலைக்காட்சியாலும் புகழ்பெற்றது. ஆனால் அதன் தூணாக நின்றோர், மாணவர் கட்டுரைகளைப் படித்து ஒவ்வொன்றன் மீதும் விளக்கக் குறிப்பெழுதிய பயிற்றாசிரியர்களே. கருவி கண்ணுக்குத் தெரிந்தது. குறிப்பெழுதிய கை தெரியவில்லை. அக்கல்வியைப் பின்பற்றியோர் பலர் கருவியை மட்டும் பின்பற்றியமைக்கு இதுவே காரணம் போலும்.

8. இணையத்தின் வருகை

தமிழ்க் கல்வி இணையத்திற் புகுந்தது கொள்ளைநோய்க்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது. 1999ஆம் ஆண்டில் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக, 2001ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. அதன் அமைப்பில் முன்னின்றவர் வா. செ. குழந்தைசாமி. உலகெங்கும் பரவிய தமிழர்க்கும், தமிழ் பயில விரும்பும் பிறர்க்கும் பாடமும் நூலகமும் வழங்குவது அதன் நோக்கம். பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழாசிரியரும் ஆய்வாளரும் அதன் நூலகத்தால் பெறும் பயன் அளவிடற்கரியது.

2012ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எவரும் சேரத்தக்க பெருந்திரள் இணையப் பாடங்களைத் தொடங்கின. பல்லாயிரவர் சேர்ந்தனர், முடித்தவர் சிலர். ஆர்வர்டு பல்கலைக்கழகமும் மாசசூசெட்சுத் தொழில்நுட்ப நிறுவனமும் நடத்திய அத்தகைய பாடங்களை ஆராய்ந்த அறிக்கையொன்று 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2017-18ஆம் கல்வியாண்டில் சேர்ந்தோருள் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே பாடத்தை முடித்தனர் என்று அது காட்டிற்று. அப்பாடங்களை நடத்தியோர் சிறந்த ஆசிரியர்; காணொளிகள் பழுதற்றவை. காற்கூறு குறைவின்றி வழங்கப்பட்டும் மாணவர் நில்லாமை, குறை வேறிடத்து உள்ளதென்பதனை உணர்த்தும். இலவசமாகச் சேர்ந்தோருள் எட்டிப்பார்க்க வந்தோரும் பலராதலின் எண்ணிக்கையைச் சற்றே தளர்த்திக் கொள்ளினும், இம்முடிபு மாறாது.

இந்திய அரசு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய சுவயம் என்னும் இணையக் கல்வித்தளம் ஒவ்வொரு பாடத்திற்கும் நான்கு பகுதிகளை வகுத்துள்ளது: காணொளிப் பாடம், படித்தற்குரிய எழுத்துப் பாடம், தன்மதிப்பீட்டுத் தேர்வு, கலந்துரையாடற் களம் என்பன அவை. பட்டப்படிப்பிற்குரிய மதிப்பலகுகளுள் ஒரு பகுதியை இத்தளத்தின்வழிப் பெறுதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016ஆம் ஆண்டில் 20 விழுக்காடு வரையும், 2021ஆம் ஆண்டில் 40 விழுக்காடு வரையும் இசைவளித்தது. நான்காம் பகுதியாகிய கலந்துரையாடற் களம் நன்னூலாரின் முக்காற்கூற்றுக்கு உரிய இடம். அதனை இறுதியில் வைத்தமையாலோ என்னவோ, ஆசிரியர் உழைப்பு முழுதும் முதற்பகுதியிலேயே செலவாகின்றது.

கொள்ளைநோய்க் காலம் மற்றொரு குறையையும் வெளிப்படுத்தியது. பாடம் அனுப்பப்பட்டும் அதனை ஏற்கும் கருவியோ அலைக்கற்றையோ இல்லாத மாணவர் பலராயினர். தமிழ்நாட்டரசு 2021ஆம் ஆண்டு சனவரி முதல் ஏப்பிரல் வரை ஏறத்தாழ 9.69 லட்சம் கல்லூரி மாணவர்க்கு நாள்தோறும் 2 ஜிபி தரவு வழங்கும் திட்டத்தை அறிவித்தது. ஓர் உடன்பிறப்பின் கைப்பேசியைப் பகிர்ந்துகொண்டும், வீட்டு மொட்டைமாடியில் நின்றும் இலக்கணம் கேட்டவர் உளர். அவர்கள் இல்லிக்குடம் அல்லர். நீர் வரும் வாய்க்காலே அடைபட்டிருந்தது. மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம் என வகைப்படுத்திய நன்னூலார்க்கு இத்தகைய இடர் தோன்றியிராது. இன்று மாணவரைக் கடைமாணாக்கர் என்று பழிக்குமுன் வாய்க்காலைப் பார்த்தல் ஆசிரியர் கடன்.

9. வரலாறு காட்டும் வழி

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். தொலைவைக் கடந்து பயன் தந்த பாடம் எதுவாயினும், அதன்கண் மாணாக்கரின் வினா ஆசிரியரிடம் திரும்பி வந்தது. மாணாக்கர் தம்முள் கூடிப் பேசினர். கற்றதனைத் தாமே உரைத்தனர். இம்மூன்றும் இல்லாதவிடத்துக் கருவி எத்துணைச் சிறப்புடையதாயினும் காற்கூற்றோடு நின்றது. இதனை அடிப்படையாகக் கொண்டு இணையவழித் தமிழ் வகுப்புகளிற் செய்யத்தக்கன சில.

முதலாவது, காணொளியை அதற்குரிய பணியில் மட்டும் அமர்த்தல். பலகாற் கேட்டல் என்னும் நன்னூல் விதிக்குக் காணொளியினும் சிறந்த துணை முன்னெக்காலத்தும் இருந்ததில்லை. ஒரு நூற்பாவுக்கு ஒன்றாக, கால்மணி அளவிற் பதிந்து தரின் மாணவர் மும்முறையும் கேட்பர். அங்ஙனம் தந்தபின் நேர்வகுப்பின் பொழுதை மீண்டும் விரிவுரைக்குச் செலவிடாமல் வினாவுக்கே ஒதுக்குதல் வேண்டும்.

இரண்டாவது, பெருவகுப்பை ஐவர் ஐவராகப் பிரித்து, பருவம் முழுதும் மாறாத சிறுகுழுக்களாக வைத்தல். குழுவின் உரையாடலுக்குத் திரை வேண்டுவதில்லை. எளிய தொலைபேசி அழைப்பே போதும். அலைக்கற்றை குறைந்த ஊர் மாணவரும் இதனாற் பயன்பெறுவர். பூனா மன்றத்தின் பாடமும் திண்ணைப்பள்ளியின் பாடமும் இதுவே.

மூன்றாவது, ஒவ்வொரு மாணவரும் பருவத்தில் ஒருமுறையேனும் ஒரு நூற்பாவையோ செய்யுளையோ தம் குழுவினர்க்கு விளக்கிப் பதிந்து அனுப்புதல். மதிப்பெண்ணிலும் இதற்கு உரிய பங்களித்தல் வேண்டும். அரைப்பங்கு புலமையை விளைப்பதற்கு மதிப்பெண்ணில் ஒரு பங்கும் இல்லையெனின் மாணவர் அதனைப் பொருட்படுத்தார்.

நான்காவது, வினா ஏடு. ஈடு காட்டிய வழி இது. மாணவர் எழுப்பும் வினாக்களை, அவர்தம் இசைவோடு பெயரும் குறித்து, விடையோடு தொகுத்து வைத்து, அடுத்த ஆண்டு மாணவர்க்கு முதற்பாடமாக அளித்தல் வேண்டும். தம் வினா பதிவுபெறும் என அறிந்த மாணவர் வினவத் தயங்கார். முன்னவர் வினாவைக் கண்ட பின்னவர், அதனினும் நுண்ணிய வினாவை எழுப்புவர்.

ஓராசிரியர்க்கு நூறு மாணவர் உள்ள இடத்தில் இவை இயலுமோ என்று சிலர் தடை நிகழ்த்துவர். அத்தடை பொருளுடையது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கருவியை மட்டும் பெருக்குதல், குறிப்பெழுதும் கையை நீக்கிவிட்டுப் பாடப்பொதியை அனுப்பிய பழம்பிழையே ஆகும். இணையவழிக் கல்வி செலவைக் குறைக்கும் வழியென்று கருதப்படும் வரையில் அது காற்கூற்றுக் கல்வியாகவே இருக்கும். ஆயினும், பணியிடம் நிரம்பும் நாள் வரை கைகட்டி இருத்தலும் தகாது. முதுகலையில் மூத்த மாணவர் இளையோர் குழுக்களுக்குத் துணையாதல் கூடும். அதனால் மூத்தோர் தமக்குரிய அரைப்பங்கையும் பெறுவர்.

10. முடிவுரை

திருவரங்கத்து விரிவுரை முதல் திரைவழி வகுப்பு வரை கருவிகள் பல மாறின. ஒவ்வொரு கருவியும் வாயிலைச் சிறிது அகலமாக்கியது. ஒவ்வொன்றும் மாணாக்கரின் குரலைச் சிறிது மெலிவித்தது. அகன்ற வாயிலை மீண்டும் குறுக்குதல் அறமன்று. மெலிந்த குரலை மீட்பதே நாம் செய்யத்தக்கது. அதற்குரிய இலக்கணம் நம் நூலிலும், அதற்குரிய எடுத்துக்காட்டுகள் நம் ஊரிலும் உள்ளன.

2021ஆம் ஆண்டுப் பருவத்தில் மேற்கூறிய முறைகளுட் சிலவற்றை இக்கட்டுரையாளன் தன் வகுப்பிற் கைக்கொண்டான். இஃது ஓராசிரியனின் பட்டறிவேயன்றி ஆராய்ச்சி முடிபன்று. திரையிலிருந்த வட்டங்கள் வட்டங்களாகவே இருந்தன. ஆனால் குழுவிற் பேசிய மாணவர் வகுப்பிலும் பேசத் தொடங்கினர். அமைதி சிறிது குறைந்தது. வகுப்பறைகள் திறந்த பின்னரும் வினா ஏடு தொடர்கின்றது. எஞ்சிய முக்காற்கூற்றை எங்கே பெறுவது என்னும் வினாவே அதன் முதற்பக்கத்தில் உள்ளது. ஒவ்வோராண்டும் புதிய மாணவர் அதற்குத் தம் விடையை எழுதிச் சேர்க்கின்றனர்.